டிக்கெட்டை விற்றுவிட்டு, மைதானம் பறிபோனது என்று சொல்லலாமா?

கேள்வி: நான் அட்லாண்டா பக்கம் ஜான்ஸ் கிரீக்கில் இருக்கிறேன். அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா டெக் கல்லூரியில் எம்.எஸ். படித்தவன். மகளும் அங்கேயே சேர்ந்து மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். எங்களிடம் நாலு சீசன் டிக்கெட் இருக்கிறது. 2023 நவம்பரில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு எங்கள் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கான நாலையும் ஆன்லைனில் விற்றுவிட்டேன், அந்த ஒரு ஆட்டத்திலேயே சீசன் செலவில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அப்போது முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள் அன்று இரவு போனில் அழுதாள். "எங்க மைதானத்துல எங்க பேண்ட் வாசிக்கிறது எங்களுக்கே கேக்கலப்பா. அந்தச் சிவப்புச் சட்டைல நாலு பேரு நீங்க கூப்பிட்டு வந்தவங்க" என்றாள். சிவப்பு என்பது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் நிறம். காசு வந்ததா இல்லையா என்பது மனைவியின் கட்சி. ஏதென்ஸ் ஊரில் இருக்கும் அந்த ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்த என் மச்சான் அடுத்த முறை டிக்கெட்டைத் தனக்கே கொடுக்கச் சொல்லி இப்போதே கேட்கிறான். அந்த ஆட்டம் மறுபடி அட்லாண்டாவுக்கு வரும்போது மகள் படிப்பை முடித்திருப்பாள், எங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறாள். நான் செய்தது தப்பா? இந்த ஜார்ஜியாக்காரர்கள் ஏன் இப்படி எங்கள் மைதானத்துக்குப் படையெடுக்கிறார்கள்?

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் காசு, உங்கள் டிக்கெட். ஆனால் "படையெடுக்கிறார்கள்" என்ற வார்த்தையை ஏற்க முடியவில்லை. யாரும் சுவரேறிக் குதித்து வரவில்லை, பெரும்பாலானவர்கள் கையில் டெக் பக்கத்து ஆள் ஒருவர் விற்ற டிக்கெட்தான் இருந்திருக்கும். உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

ஏன் வருகிறார்கள் என்ற கேள்வியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் வெறுப்பை விடக் கணக்குதான் அதிகம். ஏதென்ஸிலிருந்து அட்லாண்டா சுமார் 110 கிலோமீட்டர். ஜார்ஜியாவில் படித்து முடித்தவர்களில் பெரும் கூட்டம் வேலைக்காக வந்து குடியேறுவது அட்லாண்டாவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும்தான், உங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டு வாசலில் சிவப்புக் கொடி தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கள்கூட மாநிலத்தின் பெயர் இருக்கிறதே என்று அந்த அணியைத் தங்கள் அணியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டெக் படித்தவர்களில் நிறையப் பேரோ கலிஃபோர்னியா, டெக்சஸ், பெங்களூர், சென்னை என்று திசைக்கொன்றாகப் போய்விடுகிறார்கள். அப்புறம் ஏதென்ஸில் 90,000 பேருக்கு மேல் உட்காரும் சான்ஃபோர்ட் ஸ்டேடியத்தில் நல்ல ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால், பல வருடம் நன்கொடை கொடுத்தவர்கள்தான் வரிசையில் முன்னால் நிற்பார்கள். சாதாரண ஜார்ஜியா ரசிகன் ஒருவனுக்குத் தன் அணியை நேரில் பார்க்க எளிதான வழி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பாபி டாட் ஸ்டேடியம்தான். அங்கே இடமே 50,000 சொச்சம். அவன் என்ன விலையானாலும் கொடுக்கத் தயாராக இருப்பான், எதிரில் "செலவு திரும்பி வருகிறதே" என்று நீங்கள் நிற்பீர்கள். இந்த இரண்டு பேரையும் ரீசேல் தளம் ஒரு நிமிடத்தில் சேர்த்து வைத்துவிடுகிறது.

இது டெக்குக்கு மட்டும் வந்த கதை இல்லை. நோட்ர டேம் பல்கலைக்கழகம் என்றால் கல்லூரி ஃபுட்பாலில் கோயில் மாதிரி. அங்கேயே 2000 செப்டம்பரில் நெப்ராஸ்கா ஆட வந்தபோது மைதானத்தில் பல்லாயிரம் பேர் சிவப்பில் நிறைந்திருந்தார்கள், நெப்ராஸ்கா ஓவர்டைமில் 27-24 என்று ஜெயித்தது. 17 வருடம் கழித்து, 2017இல், அதே நோட்ர டேமில் அதே காட்சி, இந்த முறை சிவப்பு உங்கள் ஜார்ஜியாக்காரர்களுடையது, ஜார்ஜியா 20-19. வருகிற அணிக்கென்று அதிகாரபூர்வமாக ஒதுக்குகிற சில ஆயிரம் சீட்டுகளை வைத்து அப்படி ஒரு கூட்டம் சேராது. மீதியெல்லாம் உள்ளூர் சீசன் டிக்கெட்காரர்கள் கைமாற்றியது. சிகாகோ பக்கத்தில் எவன்ஸ்டனில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் நிலைமை இன்னும் பாவம். சின்ன தனியார் பல்கலைக்கழகம், பக்கத்திலேயே சிகாகோ, அந்த நகரத்தில் ஒஹாயோ ஸ்டேட், மிஷிகன், அயோவா என்று எல்லா ஊர் பட்டதாரிகளும் வேலை பார்க்கிறார்கள், ஆகவே யார் ஆட வந்தாலும் பாதி மைதானம் அவர்களுடையது.

இதில் உண்மையான இழப்பு எங்கே என்று சொல்கிறேன், இதைத்தான் நீங்கள் விற்கும்போது யோசித்திருக்க மாட்டீர்கள். நம் ஊர்க் கால்பந்தில் ரசிகர்களின் சத்தம் உற்சாகம் கொடுக்கும், அவ்வளவுதான். அமெரிக்க ஃபுட்பாலில் சத்தம் ஆட்டத்துக்குள்ளேயே புகுந்து வேலை செய்கிறது. பந்து நம் அணியிடம் இருக்கும்போது உள்ளூர்க் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும், ஏனென்றால் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் கத்திச் சொல்கிற குறிச்சொல் அவனுக்கு முன்னால் குனிந்து நிற்கிற ஐந்து பேருக்கும் இரண்டு ஓரங்களில் நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டும். பந்து எதிரணியிடம் போனதும், அதுவும் தேர்ட் டவுன், அதாவது 10 கெஜம் முன்னேற அவர்களுக்கு இருக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவது என்றால், ஐம்பதாயிரம் பேரும் எழுந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். குறிச்சொல் கேட்காமல் ஒருவன் அரை நொடி முன்னால் அசைந்துவிட்டால் 5 கெஜம் அபராதம். 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ளக் கல்லூரி ஆட்டங்களிலும் அனுமதி வந்துவிட்டது, ஆனால் அது பயிற்சியாளர் ஒரே ஒரு ஆட்டக்காரரோடு பேசுவதற்கு, பந்தை எடுத்து ஆடக் கொடுக்கிற கெடுவில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அதுவும் அறுந்துவிடும். மற்றவர்களுக்கு இன்னும் காதுதான்.

காது கேட்காத இடத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? சத்தமில்லாமல் ஆடுவார்கள். நடுவில் பந்தோடு குனிந்திருக்கிற சென்டருக்குப் பக்கத்தில் நிற்கிற கார்டு தலையைத் திருப்பி, தன் கால்களுக்கு இடையே பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பான். அவன் காலைத் தூக்கியோ கையை அசைத்தோ தயார் என்று காட்டியதும் இவன் சென்டரைக் கையால் ஒரு தட்டுத் தட்டுவான். சென்டர் தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பந்தைப் பின்னால் தள்ளுவான். அந்தத் தலையாட்டலை எதிரணித் தடுப்பாளனும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், நம் ஆள் கிளம்புகிற அதே நொடியில் அவனும் கிளம்புவான். வெளியூருக்குப் போகிற அணி இதைப் பழகிக்கொண்டு போகும். சொந்த ஊரில் ஆடுகிற பையன்கள் இதைச் செய்ய வேண்டி வந்தால் அதைவிடக் கொடுமை இல்லை. 18, 19 வயதுப் பிள்ளைகள், வாரம் முழுக்க வகுப்பும் பயிற்சியுமாக ஓடிவிட்டு சனிக்கிழமை தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், அங்கே தங்கள் குரல் தங்களுக்கே கேட்கவில்லை. உங்கள் மகள் சொன்னதும் இதுதானே, கிளாரினெட் என்ன, குவார்ட்டர்பேக் குரல் என்ன.

டெக் ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அட்லாண்டாவில் ஜார்ஜியாவை டெக் கடைசியாகத் தோற்கடித்தது 1999இல், ஓவர்டைமில் 51-48. அதற்குப் பிறகு டெக் ஜெயிக்கவே இல்லையா என்றால், ஜெயித்திருக்கிறது, 2000, 2008, 2014, 2016 என்று நாலு தடவை, நாலும் ஏதென்ஸில்! 90,000 பேர் எதிராகக் கத்துகிற இடத்தில் ஜெயிக்க முடிந்தவர்களுக்குச் சொந்த ஊரில் முடியவில்லை. இதற்கு மைதானத்து நிறம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், 2017இலிருந்து ஜார்ஜியா நாட்டிலேயே பெரிய அணிகளில் ஒன்றாகிவிட்டது, அவர்களிடம் இருக்கிற ஆள்பலம் வேறு. இருந்தாலும் சொந்த மைதானம் என்ற சாதகமே அந்த ஒரு நாளில் டெக்குக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனசில்லை, கல்லூரியே இதைச் செய்திருக்கிறதே. 2025இல் இந்த ஆட்டத்தைத் தன் சொந்த மைதானத்திலிருந்து எடுத்து, சில தெருக்கள் தள்ளியிருக்கும் மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்துக்குச் சுமார் 1 கோடி டாலருக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே பணம் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது, அந்தப் பணத்துக்குத் தேவை இருந்தது, அது எனக்கும் புரிகிறது. ஆனால் 1913இலிருந்து ஆடிவரும் இடத்தை விட்டு, மிக முக்கியமான ஆட்டத்தை வெளியில் கொண்டுபோனது எனக்குப் பிடிக்கவில்லை. 16-9 என்று தோற்றார்கள். அவ்வளவு நெருக்கமான ஆட்டம் பாபி டாடில் நடந்து, பாபி டாடும் டெக்கின் தங்க நிறத்தில் நிறைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு டெக்காரனும் யோசித்திருப்பான்.

சரி, இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முறைப்படி அடுத்து ஆட்டம் அட்லாண்டாவுக்கு வருவது 2027இல். அந்த டிக்கெட்டை ரீசேல் தளத்தில் போடாதீர்கள். இது என் நேரான பதில். மகள் உங்களோடு உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நாலு வருடம் பேண்ட் சீருடையில் நின்று வாசித்த பெண், இனி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தப் போகிறாள். அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டுமா? நீங்கள், மனைவி, மகள், மூன்று ஆயிற்று.

நாலாவது டிக்கெட்டை மச்சானுக்குக் கொடுங்கள். ஆமாம், சிவப்புச் சட்டையோடுதான் வருவான், வரட்டும். இவ்வளவு நேரம் பேசிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். எதிரணி ரசிகர் ஒருவர்கூட உள்ளே வரக்கூடாது என்பது என் கட்சி இல்லை. மச்சானும் மாமனும் தோள் உரசி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் கத்தினால்தான் இந்தப் போட்டிக்கே உயிர். டல்லாஸில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் ஆடும்போது காட்டன் பவுல் மைதானத்தை நடுவில் இருக்கும் 50 கெஜக் கோட்டில் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள், ஒரு பாதி ஆரஞ்சு, ஒரு பாதி சிவப்பு, பார்க்கவே அவ்வளவு அழகு. இரண்டு பக்கமும் ஆள் இருந்தால் அது திருவிழா. நாலு சீட்டையும் முகம் தெரியாதவர்களுக்கு விட்டுவிட்டு நீங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மச்சானிடம் ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: அவன் வந்தால் அவன்தான் உட்கார வேண்டும். செல்போனில் மாற்றிக் கொடுத்த டிக்கெட்டை அவன் அடுத்த அரை மணி நேரத்தில் விற்பனைக்குப் போட முடியும், அதனால் ஆட்டத்தன்று வாசலில் வைத்து மாற்றிக் கொடுங்கள், மச்சானே ஆனாலும்.

சுற்றி உட்கார்ந்திருக்கும் ஜார்ஜியாக்காரர்களிடம் முறைத்துக்கொள்ள வேண்டாம். 1893இல் இந்த இரண்டு கல்லூரிகளும் ஏதென்ஸில் முதன்முதலாக ஆடியபோது டெக் 28-6 என்று ஜெயித்தது, உள்ளூர் ரசிகர்கள் டெக் ஆட்டக்காரர்கள் மீது கல்லெறிந்தார்கள். 1919இல் ஒரு கேலி ஊர்வலத்தால் உறவே முறிந்து 1925 வரை ஃபுட்பால் மைதானத்தில் இவர்கள் சந்திக்கவில்லை. அந்தப் பழைய கசப்பைப் பாட்டாகவும் கோஷமாகவும் வைத்துக்கொள்வது நல்லது, பக்கத்து சீட்டில் ஒன்பது வயதுப் பையன் சிவப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தால் அவனிடம் அதைக் காட்டுவது அசிங்கம். அவன் அப்பா அந்த சீட்டுக்கு உங்களைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுத்து வந்திருக்கலாம். நகர்ந்து வழிவிடுங்கள், அப்புறம் தேர்ட் டவுனில் அவன் காது அடைக்கக் கத்துங்கள்.

மனைவி சொல்கிற பணம் நிஜமான விஷயம், அதைத் தள்ளிவிட முடியாது. சீசன் டிக்கெட்டோடு நன்கொடை, பார்க்கிங், வரும் வழியில் சாப்பாடு என்று நாலு பேருக்கு ஏறிக்கொண்டேதான் போகும். ஜார்ஜியா ஆட்டத்தை விற்றால்தான் நாலு டிக்கெட் கட்டுப்படியாகும் என்றால் உங்களுக்கு நாலு டிக்கெட் அதிகம் என்று அர்த்தம். மற்ற வருடங்களில் இரண்டாகக் குறைத்துக்கொண்டு, 2027க்கு மட்டும் நாலாக்க முடியுமா என்று டிக்கெட் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள், பழைய வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் ஏதாவது வழி சொல்வார்கள். ஏதாவது ஒரு ஆட்டத்துக்குப் போக முடியாமல் விற்றே ஆக வேண்டுமென்றாலும் முதலில் டெக் ஆட்களிடம் கேளுங்கள். உங்கள் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், அங்கே எம்.எஸ். படிக்க வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்களில் எத்தனையோ பேர் இரண்டு வருடம் முழுக்க லேபுக்கும் அறைக்குமாக நடந்துவிட்டு ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள். விலை கொஞ்சம் குறையும். அந்தக் குறைகிற தொகை எவ்வளவு, உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள், அடுத்த சீசனுக்குப் பணம் கட்டும் தேதி வருவதற்கு முன்னால். அந்தப் பேச்சில் மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், நாலில் ஒரு சீட் அவளுடையது.