நாயை காரில் கட்டிப்போடுவது பாவமா?

"நாயை காரில் ஏற்றும்போது கட்டித்தான் ஆகணுமா, பாவமில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ பெரியவர் முகம் சுளித்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே பாட்டுதான். கட்டணும். ஆனால் கழுத்துப்பட்டையில் கட்டக்கூடாது.

எங்களிடம் இருப்பது சிப்பிப்பாறை. பெயர் மணி. (வேறு பேரே கிடைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: கூப்பிட்டால் வருகிறான், போதும்.) இந்த ஜாதிக்குத் தலை ஒடுக்கம். பின்னால் இழுத்தால் பட்டை காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். உருவாதபடி இறுக்கினால், பிரேக் போடும்போது மொத்த எடையும் குரல்வளையில் போய் விழும். அதனால் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் சரி. கடைகளில் பாடி பெல்ட் என்றும் சொல்வார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். கடையில் கிடைப்பதெல்லாம் லாப்ரடாருக்கு வெட்டியது மாதிரி இருக்கும். மணிக்குக் கழுத்துக்குச் சரியானதைப் போட்டால் நெஞ்சில் பூட்டாது, நெஞ்சுக்குச் சரியானது கழுத்தில் தொங்கும். இன்ச் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் விலாவைச் சுற்றி அளந்து, நாலு பக்கமும் கூட்டிக் குறைக்கிற மாதிரி உள்ளதை வாங்கினோம். மாட்டியபின் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையணும், அதற்கு மேல் இடம் இருக்கக்கூடாது. அக்குளில் உராய்ந்து முடி உதிர்ந்ததால் பை தைக்கும் அண்ணனிடம் அந்த இடத்தில் மட்டும் மெத்தைத் துணி வைத்துத் தைத்துக்கொண்டேன். தாங்குகிற தையலில் கைவைக்கவில்லை, அதற்கும் யாராவது சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

பெல்ட் வாங்கியாச்சு, அதைச் சீட்டோடு பிணைக்கிற வாரை எங்கே மாட்டுவது? பின் சீட்டில் சீட் பெல்ட் பக்கிளையே காணோம்! புது வண்டிக்கு சீட் கவர் போட்ட கடைக்காரர் எல்லாவற்றையும் கவருக்கு அடியில் அமுக்கிவிட்டிருக்கிறார். போய்க் கேட்டால், "பின்னாடி யாரு சார் போடுறா?" என்கிறார். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் போடாமல் கார் விபத்தில் இறந்தபோது நாடே ஒரு வாரம் இதைத்தான் பேசியது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. மனிதனுக்கே பக்கிளைப் புதைத்துவிடுகிற ஊரில் நாய்க்கு பெல்ட் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

மாமா அப்படிச் சிரித்தவர்தான். கோவில்பட்டியிலிருந்து மதுரை திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் மாமா, பின்னால் அத்தையும் மணியும். "அவுத்து விடுங்க மாப்ள, வாயில்லா ஜீவன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சாத்தூரில் நிறுத்தி சேவு வாங்கினோம். அதை ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு அத்தை பக்கத்தில் வைத்திருந்தார்கள். விருதுநகருக்குக் கொஞ்சம் முன்னால், நடுத்திட்டு இடைவெளியிலிருந்து ஒரு பைக் எதிர்த்திசையில் நுழைந்தது. முழு பிரேக். தூக்கு இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் பறந்து போய் டேஷ்போர்டில் மோதித் திறந்துகொண்டது, மாமா மடியெல்லாம் காரச்சேவு. மணி சீட்டிலிருந்து கால் வைக்கும் பள்ளத்தில் பாதி சரிந்து, வார் இழுத்துப் பிடிக்க, அப்படியே நின்றான். ஒரு தடவை கத்தினான். அப்புறம் ஏறி உட்கார்ந்து தரையில் கிடந்த சேவை எட்டப் பார்த்தான், வார் எட்டவிடவில்லை. தூக்கு போன வழியில்தான் அவனும் போயிருப்பான். மாமா மதுரை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அது வெறும் பிரேக். மோதல் என்றால் கணக்கே வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 0.1 நொடியில் நின்றால், 20 கிலோ நாய் கிட்டத்தட்ட 280 கிலோ பாரத்தோடு முன்னால் பாயும். எல்லா பெல்ட்டும் அதைத் தாங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013இல் சோதித்தபோதே பல ஹார்னஸ்கள் தேறவில்லை. அதற்காக எதுவுமே வேண்டாம் என்று ஆகிவிடாது.

"வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஒருவர் வருவார், தெரியும். ஆமாம், பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோடில் 57ஆம் விதியே இதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டுத்தான் நான் கட்டினேன் என்று இல்லை.

பெல்ட்டோடு மணியைக் கீழே இறக்குவதுதான் எனக்குப் பெரிய வேலை. எங்கள் குடியிருப்பில் லிஃப்டில் நாய் ஏறக்கூடாதாம், மூன்று மாடியும் படிதான். விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் லிஃப்டைத் தடுக்கக்கூடாது என்று இருக்கிறது. அச்செடுத்துக் கொடுத்தேன். செயலாளர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதே லிஃப்டில் சிமென்ட் மூட்டை போகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முன் சீட்டு வேண்டவே வேண்டாம், ஏர்பேக் வெடித்தால் நாய்க்கு அதுவே எமன். கொக்கியை முதுகுப்பக்க வளையத்தில் மாட்டுங்கள். வார் படுக்கவும் திரும்பவும் போதணும், முன் சீட்டுகளுக்கு நடுவில் தலை எட்டக்கூடாது. சில நாய்கள் காலால் பக்கிளின் சிவப்புப் பொத்தானை மிதித்துக் கழற்றிவிடும். அப்படியானால் சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கில், குழந்தை சீட்டை மாட்டுவதற்காக இருக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டுகிற வகை வாரை வாங்குங்கள். கண்ணாடி சுவிட்சையும் லாக் பண்ணிவிடுங்கள். கிளம்ப மூன்று நாலு மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், கட்டிய நாய் வாந்தி எடுத்தால் அதிலேயேதான் படுக்கும். முதலில் சில நாள் வாசலில் நிற்கிற வண்டியிலேயே மாட்டி, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து பழக்குங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்திலேயே 10 டிகிரி ஏறிவிடும்.