140 படங்களையும் எண்ணிவிட்டீர்களா?

பழம்புத்தகப் பகுதி: இந்த மாதம் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியேர் சொன்னெராவின் இந்தியப் பயண நூல், 1782 முதல் பதிப்பு, இரண்டு பாகம். பாரிஸ் வியாபாரி ஒருவர் தருவதாகச் சொல்கிறார். குறிப்பு முழுக்க பிரெஞ்சில் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? (அடையாறு வாசகர்)

பதில்: படங்களை எண்ணுவதில் தொடங்குங்கள். அந்த ஆண்டு பாரிஸில் வந்த நான்மடிப் பதிப்பில், அதாவது அச்சுத்தாளை இரண்டு முறை மடித்து நான்கு இலையாக்கிய அளவில், 140 செதுக்குப் படங்கள் இருக்க வேண்டும். படங்களின் எண் இரண்டு பாகத்துக்கும் சேர்த்துத் தொடர்ச்சியாகப் போகும். 1806இல் வந்த எண்மடிப் பதிப்பு, அதாவது தாளை எட்டு இலையாக மடித்த சிறிய அளவு, வேறு சரக்கு. அதன் விலையை இதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொன்னெரா 1774 முதல் 1781 வரை பிரெஞ்சு அரசரின் ஆணையில் பயணம் செய்தவர். சோழமண்டலக் கரையின் தெய்வ உருவங்கள், கைத்தொழில் செய்வோர், பறவைகள் எல்லாம் இந்தப் படங்களில் வருகின்றன. சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஏற்றவை என்பதால் புத்தகத்தைப் பிரித்துப் படம் படமாக விற்றவர்கள் நிறைய. இரண்டாம் பாகத்தில் நம் சாம்பல் காட்டுக்கோழியின் சேவல் இருக்கிறது. பின்னால் அந்தப் பறவையின் அறிவியல் பெயரிலேயே சொன்னெரா பெயர் சேர்ந்துவிட்டது. பறவைப் பிரியர்கள் தேடுகிற தாள் அதுதான், அதனால் முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளம் இலவசம். அங்குள்ள பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, வியாபாரியிடம் தலைப்புப் பக்கத்திலிருந்து கடைசி இலை வரை ஒரே ஓட்டமாக வீடியோ கேளுங்கள். பக்க எண்ணும் பட எண்ணும் தெரிய வேண்டும். பக்க அடியில் ஏ, பி, சி என்று போகிற சிறு எழுத்துகள் தாள்மடிப்பின் அடையாளம். இடையில் ஓர் எழுத்து விடுபட்டால் ஒரு மடிப்பே போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் ஜே, டபிள்யூ இரண்டும் இல்லை, யூ-வி இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்று வியாபாரியோடு சண்டைக்குப் போகாதீர்கள். அக்கால அச்சகத்தின் எழுத்து வரிசையே 23தான்.

காணாமல் போன தாளுக்குப் பதில் நகல் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தெரியும். இலையைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தால், கம்பித்தட்டில் வார்த்த பழந்தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ இரண்டரை செ.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். நான்மடியில் சங்கிலிக் கோடு படுக்கையாக ஓடும். சுற்றியுள்ள இலைகளில் கோடு இருக்க, ஒன்று மட்டும் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். படத்தாள் வேறு வகைக் காகிதமாகவும் இருக்கலாம். அதில் தகட்டுத் தடத்தைப் பாருங்கள். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் படத்தைச் சுற்றிச் செப்புத்தகடு அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும். ஓரம் வெட்டிய பிரதியில் அந்தத் தடம் போயிருக்கலாம். அப்படியானால் கோடுகளின் மை தாளுக்கு மேல் சற்றே எழும்பி நிற்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். நகலச்சில் சிறு புள்ளிகள் தெரியும்.

படத்துக்கு வண்ணம் பூசியிருந்தால் கூடுதல் விலை கேட்பார்கள். பின்புறத்தைத் திருப்புங்கள். செப்புப்பச்சை பூசிய இடம் நூறு வருஷத்தில் தாளை அரித்துப் பின்னால் பழுப்பாக வந்திருக்கும். பச்சை பளிச்சென்று இருந்து பின்புறமும் வெள்ளையாகவே இருந்தால், அது அண்மையில் பூசியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி குறிப்பில் வருகிற பிரெஞ்சுச் சொற்கள். ‘வோ’ கன்றுத்தோல். ‘மரோக்கேன்’ ஆட்டுத்தோல், விலை உயர்ந்தது. ‘பசான்’ செம்மறித்தோல், மலிவு, மேல்தோல் பட்டையாக உரியும். ‘ரெலியூர் த லெபொக்’ என்றால் நூலின் காலத்துக் கட்டு. ‘போஸ்தேரியர்’ என்றால் பிற்காலத்தில் மாற்றிக் கட்டியது. ‘ரூஸர்’ பழுப்புப் புள்ளிகள், ‘முய்யூர்’ நீர்க்கறை. இந்த இரண்டும் ஓரத்தில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ‘ரொன்யே’ என்றால் ஓரம் வெட்டப்பட்டது, ‘மோர்’ அட்டையும் முதுகும் சேரும் மடிப்பு. ‘மாங்க்’ என்ற சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்: ஏதோ இல்லை. ‘ஆந் லெத்தா’ என்று முடித்திருந்தால் உள்ளது உள்ளபடி விற்பனை, பின்னால் குறை சொல்ல முடியாது. எண்ணிப் பார்க்காமல் அந்த வார்த்தைக்குத் தலையாட்டக் கூடாது.

ஏலத்தில் எடுப்பதென்றால் சுத்தியல் விலையோடு, அதாவது ஏலம் முடிகிற விலையோடு, ஏலக்கூடத்தின் கட்டணம் தனி. பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம். அதற்கு மேல் காப்பீடு, அஞ்சல், சென்னைச் சுங்கம். உங்கள் உச்சவரம்பை இதையெல்லாம் கூட்டி முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள பிரெஞ்சு நூலில் ஆண்டுக்குப் பதில் ‘ஆன் 12’ என்று ரோமன் எண்ணில் இருக்கிறது. பிழையா? (பெரம்பூர் வாசகி)

பதில்: பிழையில்லை, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டி. ‘ஆன்’ என்றால் ஆண்டு. முதல் ஆண்டு 1792 செப்டம்பரில் தொடங்கியது. உங்கள் நூல் 1803 செப்டம்பருக்கும் 1804 செப்டம்பருக்கும் இடைப்பட்டது. 1806 ஜனவரி 1 முதல் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: புதுச்சேரியில் இருந்த தாத்தாவின் பெட்டியில் ஐந்தாறு பிரெஞ்சுப் புத்தகங்கள். ஓரமெல்லாம் தங்கப்பூச்சு, 1880க்குப் பிந்தியவை. நல்ல விலை போகுமா? (வேப்பேரி வாசகர்)

பதில்: தங்கப்பூச்சு கண்ணை ஏமாற்றும். அவை ஜெப நூல்களாகவோ பள்ளிப் பரிசு நூல்களாகவோ இருந்தால் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். தூர் நகரத்து மாம் அச்சகம் ஒன்றே இவற்றை மலைமலையாக அச்சிட்டுத் தள்ளியது. ஆனால் பெட்டியை மூடுவதற்குள் ஒவ்வொன்றின் தலைப்புப் பக்க அடியையும் பாருங்கள். பாரிஸ், தூர் என்று இல்லாமல் ‘பொந்திஷேரி’ என்றிருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அங்கு மிஷன் அச்சகத்தில் வந்த தமிழ்-பிரெஞ்சு அகராதியின் முதல் பாகம் 1855, இரண்டாம் பாகம் 1862. ஆசிரியர் பெயர் இருக்காது, இரு மிஷனரிகள் என்று மட்டும் போட்டிருக்கும். மேலட்டை கிழிந்திருந்தாலும் இரண்டு பாகமும் முழுதாக இருந்தால், உங்கள் தங்கப்பூச்சு வரிசை முழுவதையும்விட அதற்குத்தான் சேகரிப்பவர்கள் வருவார்கள்.

கேள்வி: தோல் கட்டில் சிவப்புத் தூள் உதிர்கிறது, உள்ளே ஓட்டைகளும் இருக்கின்றன. வேப்பிலை வைத்திருக்கிறேன், போதுமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: இலையை முதலில் எடுத்துவிடுங்கள், தாளில் கறை பிடிக்கும். வசம்பென்றாலும் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம், பக்கத்துக்குள் வேண்டாம்.

ராமபாணப் பூச்சி மேலே மேய்ந்து பசையைத் தின்னும். வட்டமாகத் துளைப்பது வண்டின் புழு. புத்தகத்தை வெள்ளைத்தாள் மேல் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். அடியில் புதுத்தூள் விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி, ஒட்டி மூடி, மைனஸ் 18 டிகிரியோ அதைவிடக் கூடுதல் குளிரோ உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கவே கூடாது. சென்னைக் காற்றில் உடனே பிரித்தால் குளிர்ந்த தோல் மேல் முத்து முத்தாக வேர்த்து, புழுவால் போகாத புத்தகம் பூஞ்சையால் போகும்.

சிவப்புத் தூள் தோலின் அமில நோய். தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் எதையும் தடவாதீர்கள். தோல் கறுத்து, எண்ணெய் தாளுக்குள் இறங்கும். தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் ஆல்கஹாலில் கரைத்த க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் பசை பூசித் தூளைக் கட்டுவார்கள். அதுவரை பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். அலமாரி சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கட்டும். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற வழக்கம் ஏசியே இல்லாததைவிடக் கெடுதல்.

கேள்வி: பிரான்ஸிலுள்ள ஒருவர் என் பழைய நூலை வாங்கக் கேட்கிறார். கூரியரில் அனுப்பிவிடலாமா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துப் பிரதிக்கும் வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கும் 75 ஆண்டே போதும். புத்தகத்துக்குள் பழைய கடிதமோ கையால் எழுதிய குறிப்போ செருகியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். உங்கள் நூல் தொல்பொருளா இல்லையா என்று நீங்களாகவே முடிவெடுக்காமல், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் படங்களோடு விண்ணப்பித்துத் தொல்பொருள் அல்ல என்ற சான்று கேளுங்கள். சான்று கைக்கு வரும்வரை முன்பணம் வாங்க வேண்டாம்.