அப்பாவின் தோப்புக்கரணம்

அன்புள்ள ஐயா,

வயது 34. மென்பொருள் வேலை. ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தொப்பை குறைய டிரெட்மில்லில் ஓடு என்கிறார்கள் நண்பர்கள். ஓடினால் தசை கரைந்துவிடும், எடை மட்டும் தூக்கு என்கிறார் பயிற்சியாளர். எதை முதலில் செய்வது, வாரத்தில் எத்தனை நாள்? புரோட்டீன் பவுடர் தேவையா? என் அப்பாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. 67 வயதிலும் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார், அதுவே போதும் என்கிறார்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. இரண்டும் ஒரே நாளில் என்றால் எடையை முதலில் முடியுங்கள். ஓடிக் களைத்த காலோடு பாரத்துக்கு அடியில் போய் நிற்காதீர்கள். பவுடர் இருக்கட்டும், முட்டையும் சுண்டலும் சாப்பிடுங்கள்.

தசை கரையும் பயத்துக்கு வருவோம். 1980இல் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு குழுவுக்கு வாரம் ஐந்து நாள் எடை, ஆறு நாள் ஓட்டமும் சைக்கிளும் என்று பத்து வாரம் கொடுத்தார். அவர்களுக்கே ஏழு வாரம்வரை கால் வலிமை ஏறியது. அதன் பிறகுதான் சரிந்தது. மூன்று வாரக்காரரான உங்களிடம் கரைவதற்குத் தசை எங்கே இருக்கிறது?

என்னை நிறுத்தியது உங்கள் கடைசி வரி. என் அப்பாவும் நடந்தார். முப்பது வருடம், மழையிலும் குடை பிடித்துக்கொண்டு. எழுபதை நெருங்கும்போது ஒரு கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவரால் எழ முடியவில்லை. இரண்டு பையன்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். “பாயசம் அதிகமாகிவிட்டது” என்று சிரித்தார். அதன் பிறகு அவர் தரையில் உட்காரவே இல்லை.

அது அன்றைக்குத் திடீரென்று வந்ததல்ல. அதற்குச் சில வருடம் முன்பே பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும்போது காதைப் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். பக்தி குறைந்துவிட்டது என்று நாங்கள் கேலி செய்தோம். தொடைத் தசை போய்க்கொண்டிருந்தது. வீட்டில் படித்தவர்கள் நான்கு பேர் இருந்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, யார் மறுத்தார்கள்? ஆனால் சமதரையில் நடக்கும் கால் உடம்பை ஒருமுறைகூட ஆழத்திலிருந்து தூக்குவதில்லை. “அதுவே போதும்” என்று உங்கள் அப்பா சொன்னால் விட்டுவிடலாம். அதை நீங்கள் பெருமையாக எனக்கு எழுதுகிறீர்களே, அதுதான் கோபம்.

வயதாகிவிட்டது என்றும் சொல்லாதீர்கள். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையிலானவர்கள் எட்டு வாரம் காலால் பாரம் தூக்கினார்கள். வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்ட எனக்கு வாய்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் அப்பாவோடு கோயிலுக்குப் போங்கள். தோப்புக்கரணத்தில் எவ்வளவு தாழ்கிறார், எழும்போது கை முழங்காலுக்குப் போகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.