சம்பா அறுத்த வயலில் தீவன மக்காச்சோளம்: உரம் எவ்வளவு, எப்போது?

கேள்வி: ஐயா, எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் களிமண் வயல். சம்பாவைப் பொங்கல் முடிந்ததும் மிஷின் வைத்து அறுத்தோம். போர் தண்ணீர் இருப்பதால் ஒரு ஏக்கரில் ஆப்பிரிக்கன் நெட்டை என்ற தீவன மக்காச்சோள ரகத்தை விதைத்து மாடுகளுக்குத் தீவனம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். போன வருஷம் நெல்லுக்குப் போட்ட உரம் மண்ணில் இருக்கும் என்று நம்பி யூரியா மட்டும் போட்டேன். முளைத்த பயிர் ஊதா நிறமாகி மூன்று வாரம் வளராமலே நின்றது. இந்த வருஷம் என்ன போடலாம்? பூவெடுக்கும்போது இன்னொரு தடவை யூரியா போட்டால் பச்சை கூடுமா?

பதில்: நீங்கள் சொல்லும் ஊதா நிறம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு. நெல்லுக்கு மணிச்சத்து போட்டிருந்தாலும் இது வரும். வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணிலுள்ள இரும்பு இளகி, தான் பிடித்து வைத்திருக்கும் மணிச்சத்தை விட்டுக்கொடுக்கிறது. நெல் அதில்தான் வளர்கிறது. அறுவடைக்குத் தண்ணீரை வடித்து வயல் காய்ந்ததும் அதே இரும்பு திரும்ப இறுகி, மணிச்சத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து முளைக்கும் மக்காச்சோளத்துக்கு வேரோ விரல் நீளம்தான். அதற்கு எட்டுகிற இடத்தில் சத்து இருக்காது. தழைச்சத்தும் (நைட்ரஜன்) அப்படியே. நெல் வயலில் மிஞ்சிய கொஞ்சமும் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்ததில் காற்றோடு போயிருக்கும். போதாததற்கு மிஷின் விட்டுப்போன அடித்தாளை உழுது மடக்கும்போது, அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால் நெல்லின் மிச்சத்தை நம்பி அடியுரத்தை விடாதீர்கள்.

ஒரு ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்) சத்து 12:16:8 கிலோ அடியுரம். உர மூட்டைக் கணக்கில் யூரியா 26 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ. சூப்பர் கிடைக்காவிட்டால், தழையும் மணியும் சேர்ந்த டிஏபி உரம் 35 கிலோ போட்டு, அடியுர யூரியாவை 12 கிலோவாகக் குறையுங்கள். நன்கு மக்கிய தொழுவுரம் 10 டன் கடைசி உழவுக்கு முன் சிதற வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் இருப்பதைப் போடுங்கள், ஆனால் பச்சைச் சாணத்தைக் கொட்டாதீர்கள். நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் (துத்தநாக உரம்) போடாமல் விட்டிருந்தால் இப்போது 10 கிலோ மணலில் கலந்து மேலாகத் தூவுங்கள். அதை சூப்பர், டிஏபியோடு சேர்த்துக் கலக்கக் கூடாது.

எவ்வளவு என்பதைவிட எங்கே போடுகிறோம் என்பதுதான் களிமண்ணில் முக்கியம். மணிச்சத்து விழுந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரம்கூட நகராது. வயல் முழுக்க வீசினால் பாதி வீண். 30 செ.மீ. இடைவெளியில் சால் பிடித்து, சூப்பரையும் பொட்டாஷையும் சாலில் இட்டு மண் மூடி, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் மேலாக 15 செ.மீக்கு ஒரு விதை ஊன்றுங்கள். உரமும் விதையும் தொட்டுக்கொண்டிருந்தால் முளை கருகும். விதை ஏக்கருக்கு 16 கிலோ. மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தீவனத் தட்டைப்பயறு போட்டால் மாட்டுக்குப் புரதமும் சேரும்.

உழவுக்கு மண் பதம் பாருங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். அப்படியே சப்பென்று ஒட்டினால் இன்னும் ஈரம் அதிகம். அதில் ரோட்டவேட்டர் விட்டால் கட்டி கட்டியாகக் காய்ந்து, விதை இடுக்கில் விழுந்து கெடும்.

மேலுரம் ஒரே தடவை, 30-ம் நாள், யூரியா 26 கிலோ. களை எடுத்த பிறகு, பனி காய்ந்த நேரத்தில், வரிசை ஓரமாகப் போட்டு மண் அணைத்துத் தண்ணீர் கட்டுங்கள். குருத்துக்குள் யூரியா விழுந்தால் வெந்து வெள்ளையாகும். தண்ணீர் தேங்கவிடாதீர்கள். மக்காச்சோளத்தின் வேர் மூச்சுத்திணறும், போட்ட தழைச்சத்தும் போய்விடும்.

நடுவில் இலையைப் பார்த்தே குறை கண்டுபிடிக்கலாம். அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக ஆப்பு வடிவில் மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை. அதே அடியிலை ஓரம் மட்டும் காய்ந்து கருகினால் சாம்பல்சத்து. இளம் இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்புக்கு இரு பக்கமும் வெளிறிய பட்டை ஓடினால் துத்தநாகம்.

பூவெடுக்கும்போது யூரியா போட வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எடுக்கும் தழைச்சத்து பச்சையாக மாறாமல் தண்டின் அடியில் நைட்ரேட்டாகத் தங்கும். மாட்டின் இரையறையில் அது நைட்ரைட்டாகி ரத்தத்தில் கலந்தால், ரத்தம் சாக்லேட் நிறமாகி மூச்சு வாங்கும், மாடு விழுந்துவிடும். கடைசி யூரியாவுக்கும் அறுப்புக்கும் குறைந்தது 25 நாள் இடைவெளி விடுங்கள். வாடிக் கிடந்த பயிரில் மழை பெய்தால் ஒரு வாரம் கழித்து அறுங்கள். சந்தேகம் இருந்தால் அடியில் ஒரு சாண் விட்டு அறுத்து, வைக்கோலோடு கலந்து கொடுங்கள். வாய், ஈறு நீலம் பாரித்துப் பழுப்பானால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மெத்திலின் புளூ ஊசி நேரத்தில் போட்டால் மாடு பிழைக்கும்.

கதிர் பால் பிடிக்கும்போது, அதாவது 60 முதல் 65 நாளில், அறுவடை. ஏக்கருக்கு 16 டன் வரை கிடைக்கும். மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ என்றால் பதினைந்து மாடு உள்ளவர்கூட ஒரே நாளில் ஒரு ஏக்கரையும் விதைக்கக் கூடாது. மூன்று நான்கு பாத்தியாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் விதையுங்கள்.

கடைசியாக, அடுத்து வரும் குறுவை நெல்லுக்கான கணக்கு. நெல்லில் தானியமும் வைக்கோலும் போயின, தீவனத்தில் மக்காச்சோளத் தட்டையும் போகிறது, வயலில் எதுவும் மிஞ்சுவதில்லை. 16 டன் பச்சை காய்ந்தால் சுமார் மூன்றரை டன். அதில் 50 கிலோவுக்குக் குறையாத சாம்பல்சத்து வெளியேறுகிறது, நீங்கள் போட்டதோ 8 கிலோ. மாடு தின்ற சாம்பல்சத்தில் பெரும்பகுதி சாணத்தில் வராது, கோமியத்தில் வரும். கொட்டகைத் தரையைச் சரிவாக்கி, கோமியம் குப்பைக்குழிக்குப் போக வாய்க்கால் வையுங்கள். அந்தக் குப்பை இதே வயலுக்குத் திரும்ப வரட்டும். வராவிட்டால் குறுவைக்கு முன் மண் பரிசோதனை செய்து பொட்டாஷைக் கூட்டிப் போடுங்கள்.