சின்ன ஊர் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் ஏன் வருடத்துக்கு வருடம் இப்படித் தாவுகிறது?

போன வருடம் 100 சதவீதம், இந்த வருடம் 75. பள்ளி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். முதலில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று பாருங்கள். 8 பேர் எழுதும் வகுப்பில் ஒரு மாணவரின் பங்கு 12.5 சதவீதம். இரண்டு பேர் தவறினாலே 75-க்கு இறங்கிவிடும். அதில் ஒருவர் தேர்வு வாரத்தில் காய்ச்சலில் படுத்தவராகக்கூட இருக்கலாம். 200 பேர் எழுதும் பள்ளியில் அதே இரண்டு பேர் வெறும் 1 சதவீதம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தேர்வு முடிவுகளை அலசி, பொருளியல் ஆய்வாளர்களான தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டெய்கரும் 2002-ல் இதைத்தான் காட்டினார்கள்: பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் வந்து நின்றன. அதனால் ‘சிறிய பள்ளிதான் சிறந்தது’ என்ற பேச்சையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சரி, எதைப் பார்ப்பது? ஐந்து வருட மாணவர்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தேர்ச்சியைக் கணக்கிடுங்கள். அப்புறம், ஆசிரியர் மாற்றத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். இருந்த ஒரே கணித ஆசிரியரும் மாற்றலாகி, இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்திருந்தால், அந்தச் சரிவைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.