கத்திரி வெயிலுக்குக் குளிர் சூப்: கேள்வி பதில்

காட்பாடி: அக்கா, சூப் என்றாலே சூடாகக் குடிப்பதுதானே? குளிரவைத்தால் ருசி இருக்குமா?

வடாற்காட்டுக்காரர்கள் இதைக் கேட்கலாமா தம்பி? ராத்திரி காய்ச்சி வைத்த கேழ்வரகுக் கூழைக் காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கிறோமே, அதுவும் குளிர் சூப் வகைதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உப்பையும் புளிப்பையும் குளிர்ந்த பிறகு சரிபாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு ருசி மட்டாகத்தான் தெரியும். அடுப்பில் சரியாக இருந்த உப்பு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் சப்பென்று இருக்கும்.

ஆற்காடு: கஸ்பாச்சோ வீட்டில் செய்ய முடியுமா?

தாராளமாக. ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவில் பிறந்த தக்காளிக் குளிர் சூப் இது. அங்கேயும் கோடையில் 40 டிகிரி சாதாரணம். அடுப்பே பற்றவைக்க வேண்டாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். நாலு பேருக்கு 1 கிலோ பழுத்த தக்காளி, ஒரு வெள்ளரிக்காய், பாதி குடைமிளகாய், ஒரு பல் பூண்டு, 2 துண்டு காய்ந்த பிரெட், 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 1 மேசைக்கரண்டி வினிகர். பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு குறைவு. நாட்டுத் தக்காளி நேர்மாறு. இரண்டையும் பாதிப் பாதி போடுங்கள். நாட்டுத் தக்காளி சேர்த்தால் வினிகரைக் குறைத்துக்கொள்ளலாம்.

காய்களை நறுக்கி உப்புப் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். ஊறும் சாற்றிலேயே பிரெட்டை நனைத்து, எல்லாவற்றையும் மிக்ஸியில் நைசாக அரைக்கவும். எண்ணெயைக் கடைசியில், மிக்ஸி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் சிவப்பு மாறி ஆரஞ்சு நிறத்துக்கு வரும். அதுதான் பதம். வடிகட்டி 3, 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரத்துக்கு ஐஸ் கட்டியை உள்ளே போடாதீர்கள், நீர்த்துப் போகும்.

குடியாத்தம்: ஆலிவ் எண்ணெய் விலை அதிகம். தேங்காய் எண்ணெய் சரிப்படுமா?

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும், வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். நெய்யும் அப்படித்தான். நல்லெண்ணெய் உறையாது; வாசனை தூக்கலாக இருப்பதால் சொன்ன அளவில் பாதி போதும்.

ஆரணி: வீட்டில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையாகக் கிடக்கிறது. அதை வைத்து ஏதாவது?

உங்கள் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! அந்தலூசியாவில் தக்காளி சேராத வெள்ளை சூப் ஒன்று உண்டு, அஹோ பிளாங்கோ என்பார்கள். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போய்ச் சேர்வதற்கு முன்பிருந்தே இருக்கும் வகை. பாதாம், பூண்டு, பிரெட், எண்ணெய், வினிகர், தண்ணீர், அவ்வளவுதான். பாதாமுக்குப் பதில் நம் மல்லாட்டையைப் போடுங்கள். ஒரு கப் பருப்பை ராத்திரி ஊறவைத்துத் தோல் நீக்கி, கொதிநீரில் 5 நிமிடம் வேகவிட்டால் பச்சை வாசனை போய்விடும். ஆறியதும் அரைத்து, மோர்க்குழம்பு பதத்துக்குத் தண்ணீர் சேர்த்துக் குளிரவையுங்கள். வினிகர் பிடிக்காதவர்கள் எலுமிச்சை பிழியலாம். பரிமாறும்போது பச்சைத் திராட்சையை இரண்டாக நறுக்கி மேலே போடுங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதாமின் நயம் வராதுதான், ஆனால் மல்லாட்டைக்கு வயிறு நன்றாக நிறையும்.

வாலாஜா: தயிரும் வெள்ளரியும் அரைத்தேன், கசக்கிறது.

கசப்பு காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம். காம்பு முனையைத் தாராளமாக வெட்டி, தோலைச் சீவி, ஒரு துண்டு தின்று பார்த்த பிறகே அரையுங்கள். நடுவிலும் கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப் போடுங்கள்.

ஆம்பூர்: எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? எங்கள் தெருவில் கரண்ட் வேறு அடிக்கடி போகிறது.

இதில் நான் கண்டிப்பு. ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடினால் 2 நாள். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசையில் வைக்கக் கூடாது. மே மாதத்தில் நமக்கு அதற்குக் குறைந்து எப்போது இருக்கிறது? கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள், 4 மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் சூப்பைக் கொட்டிவிடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வேகவைத்துச் செய்யும் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கியதும் பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்துக் கிளறுங்கள், சீக்கிரம் ஆறும்.

ராணிப்பேட்டை: பிள்ளைகளுக்குப் பச்சைப் பூண்டு ஆகவில்லை, விட்டுவிடலாமா?

விடலாம். இல்லையென்றால் பூண்டைத் தோலோடு வேகவைத்துப் போடுங்கள், காரம் அடங்கிவிடும்.