ஒருவர் கேட்கிறார்: “என் அறைத்தோழர் நாகாலாந்துக்காரர். அங்கே நாய்க்கறி உண்டு என்று கேட்டதும் மனம் கூசுகிறது. ஆட்டுக்கறிக்கு ஏன் கூசுவதில்லை?”

எந்தப் பிராணியை எங்கே வைத்துப் பழகினோம் என்பதில்தான் அந்தக் கூச்சம் பிறக்கிறது. பெங்களூரு செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் கினிப் பன்றியை (பன்றியல்ல, எலி இனத்துச் சிறு பிராணி) குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் அதை இறைச்சிக்காகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்க்கிறார்கள். அடுப்படி மிச்சத்தைத் தின்று, சிறு வீட்டுக்குள்ளேயே பெருகும் பிராணி அது.

நம்மூரில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் பாருங்கள். குட்டியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு, அகத்திக்கீரையைக் கையால் ஊட்டி வளர்ப்பார்கள். கோயில் கொடையன்று கருப்பசாமி முன்னால் வெட்டி ஊரே சாப்பிடும். வளர்த்த ஆச்சி மட்டும் சிலநேரம் அந்தக் குழம்பைத் தொடமாட்டார். பாசமும் பசியும் ஒரே உயிரின்மேல் இருக்கும் என்பதை அறிந்த நாம், நாகர்களைப் பார்த்து முகம் சுளிப்பது நியாயமே இல்லை.

நாகாலாந்து அரசு 2020இல் நாய் இறைச்சி விற்பனையைத் தடைசெய்தது. அது நாகர்களிடையே ஏற்கப்பட்ட உணவு என்பதையும் குறிப்பிட்டு, 2023 ஜூனில் கவுகாத்தி உயர் நீதிமன்றத்தின் கோகிமா அமர்வு தடையை ரத்துசெய்தது. தென்கொரியா எதிர்த்திசையில் போகிறது: 2024இல் சட்டம் இயற்றி, 2027 முதல் தடை.

நாயைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போகும் கொடுமையை எதிர்க்கலாம், எதிர்க்கவும் வேண்டும். அப்படியானால் வண்டியில் கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும். இன்னொன்று, நாகர்கள் எல்லோரும் நாய்க்கறி உண்பதில்லை. ஆசையாக நாய் வளர்ப்பவர்களும் அங்கே நிறைய. உங்கள் தோழரிடம் நேராகவே கேளுங்கள்.